இறந்த தளபதியும் கிழிந்த ஒப்பந்தமும்

மனுரேவாவில் நம்மவர் கூடும் வீடுகளில், தேநீர் ஆறுமுன்னரே எழுந்துவிடும் வாதம் ஒன்றுண்டு: கொப்பேகடுவ இன்னும் கொஞ்சக்காலம் உயிரோடிருந்திருந்தால் யாழ்ப்பாணம் அப்போதே விழுந்திருக்கும். சிங்களத் தேசியவாதிகள் ஏக்கத்தோடு சொல்வதை நம்மவர் நிம்மதியோடு சொல்கிறார்கள். ஊகம் ஒன்றுதான்.

1992 ஓகஸ்ட் 8இல் தீவகத்தின் அராலி முனையில் வெடித்த கண்ணிவெடி, டென்சில் கொப்பேகடுவ, விஜய விமலரத்ன உட்படப் பலரைக் கொன்றது. இதே இருவரும்தான் 1987இல் வடமராட்சியைப் பிடித்தவர்கள். அன்று அவர்களின் அடுத்த அடியைத் தடுத்தவை, யூன் 4இல் இந்திய விமானங்கள் போட்ட உணவுப் பொதிகளும் பின்வந்த யூலை ஒப்பந்தமும். 1995 டிசெம்பரில் கொப்பேகடுவ இல்லாமலே யாழ் நகர் வீழ்ந்தது. எனினும் போர் 2009 மே வரை நீடித்தது.

1945 பெப்ரவரியில் கிழக்குப் பிரஷ்யாவில் சோவியத்தின் இளம் தளபதி செர்னியாகோவ்ஸ்கி இறந்தார். அவரிடத்துக்கு வஸிலெவ்ஸ்கி வந்தார். ஏப்ரலில் கோனிக்ஸ்பேர்க் வீழ்ந்தது. தனிமனிதருக்குப் பங்கே இல்லை என நான் வாதிடவில்லை. ஒரு நகரம் எந்த மாதம் வீழும் என்பதைத் தளபதி மாற்றக்கூடும். ஏன் போர் என்ற கேள்வி அவர் கையில் இல்லை.

நம்மிடமும் இதன் மறுபிரதி உண்டு. 1993 ஜனவரியில் கடலில் இறந்த கிட்டு இருந்திருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும் என்பவர்கள் எத்தனை பேர்! இவ்வகை ஊகங்களின் வசதி என்ன? கண்ணிவெடியும் கடலும் பழியை ஏற்றுக்கொள்கின்றன. உயிரோடிருந்து முடிவெடுத்தவர்கள் தப்பிவிடுகிறார்கள். பதுங்குகுழியில் இறந்தவர்களோ கணக்கிலேயே வருவதில்லை. அவர்கள் இருந்திருந்தால் என்று யாரும் கேட்பதில்லை.

ஊகிப்பதானால் முடிவுகளைப் பற்றி ஊகிப்போம். பிக்குகளின் மறியலுக்குப் பணிந்து 1957இன் பண்டா–செல்வா ஒப்பந்தத்தை 1958இல் கிழித்தெறியாமல் இருந்திருந்தால்? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் துரத்தாமல் இருந்திருந்தால்? முதற் கேள்வியை நாம் உரத்துக் கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்டதும் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். விவாதம் அங்கேதான் தொடங்கவேண்டும்.