சிலையுடைப்போரும் செவிமடுப்போரும்: ‘ஸ்டார் டிரெக்’ தொடர் குறித்து ஒரு மறுபார்வை

எதிர்காலத்தைப் பற்றி ஒரு சமுதாயம் புனையும் கதைகளில் அச்சமுதாயத்தின் நிகழ்காலமே மிகுதியாகப் பதிவாகிறது. அறிவியல் புனைவுகளைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கென நம் கல்விக்கூடங்கள் ஒதுக்கி வந்துள்ளன. ஆயினும் இறைவன், அதிகாரம், போர் ஆகியவை பற்றி இருபதாம் நூற்றாண்டின் மேற்குலகப் பொதுமக்கள் கொண்டிருந்த எண்ணங்களை அறிய, தத்துவ நூல்களைவிட இக்கதைகள் சில வேளைகளில் கூடுதலாக உதவுகின்றன. அவ்வகையில் ‘ஸ்டார் டிரெக்’ தொடர் ஆய்வுக்கு உரியது.

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 வரை, மூன்று பருவங்களில் 79 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. 1980களின் நடுப்பகுதியில் தூர்தர்ஷன் இதனை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பியது. கோவில்பட்டி வட்டாரத்தில் அன்று இதனைக் கண்ட நம் போன்றோர்க்கு ஆங்கில உரையாடல் பெரும்பாலும் எட்டவில்லை, காட்சியே கதையாயிற்று. வேற்றுக் கோள்களாகக் காட்டப்பட்ட வறண்ட வெளிகள், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நம் கரிசல் காடுகளின் உடன்பிறப்புகளாகவே தோன்றின. மொழி எட்டாத நாளில் மனத்தில் நின்றவை ஸ்பாக்கின் கூரிய செவிகளும் ஒளிவீசும் ஆயுதங்களுமே. இன்று முழுமையாக மீண்டும் பார்க்கையில் மனத்தில் நிற்பவை அதன் வாதங்கள்.

தொடரின் நற்பேறு எனப் பலரும் கூறுவது, ‘எண்டர்பிரைஸ்’ விண்கலத்தின் பல இனத்துக் குழுவினரைத்தான். குடிசார் உரிமைகள் சட்டம் 1964இல் நிறைவேறி ஈராண்டே கழிந்திருந்த அமெரிக்காவில், உஹூரா என்னும் கறுப்பினப் பெண்ணையும் சூலு என்னும் ஆசியரையும் அதிகாரிகளாக அமர்த்தியது சிறு செயலன்று. எனினும், நம் நிலப்பகுதி இத்தொடரில் எவ்வடிவில் நுழைகிறது? 1967இல் வந்த ‘ஸ்பேஸ் சீட்’ பகுதியில், ஆசியாவையும் மத்தியக் கிழக்கையும் ஆண்ட கொடுங்கோலனாக, ‘கான் நூனியன் சிங்’ என்ற பெயரில் நுழைகிறது. வட இந்தியச் சீக்கியராக இருக்கக்கூடும் என்று கூறப்படும் அப்பாத்திரத்துக்குக் ‘கான்’ என்ற பெயரைச் சூட்டியதில் எவரும் அன்று முரண்பாடு கண்டதாகத் தெரியவில்லை.

பொய்த் தெய்வங்கள்

இத்தொடரில் மீண்டும் மீண்டும் வரும் கதையமைப்பு ஒன்றுண்டு. ஒரு கோளின் மக்கள் ஏதோ ஒன்றை வணங்கி அடங்கிக் கிடப்பர். கேப்டன் கிர்க் அங்கு இறங்கி, அது வெறும் இயந்திரமென்று கண்டு அழித்துவிட்டுப் புறப்படுவார். ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி ஆர்க்கன்ஸ்’ பகுதியில் லாண்ட்ரு என்னும் கணிப்பொறி, ‘தி ஆப்பிள்’ பகுதியில் மக்கள் உணவூட்டி வரும் வால் என்னும் பொறி. ‘ஹூ மோர்ன்ஸ் ஃபார் அடோனைஸ்’ பகுதியில் கிரேக்கத் தெய்வம் அப்பல்லோவே வணக்கம் கோரி நிற்கிறது. மாந்தர்க்குப் பல தெய்வங்கள் வேண்டியதில்லை, ஒருவனே போதும் என்ற பொருள்பட கிர்க் அதற்கு விடையளிக்கிறார். தவ்ஹீதின் சாயல் படிந்த இவ்விடை ஹாலிவுட்டிலிருந்து வந்தது முஸ்லிம் பார்வையாளரை வியப்பில் ஆழ்த்தும்.

ஆனால் உடைத்தல் மட்டுமே தவ்ஹீத் ஆகாது. அல்அன்பியா அத்தியாயம் கூறும் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை நோக்குவோம். சிலைகளை உடைத்த அவர்கள் பெரிய சிலையை விட்டுவைத்தார்கள். அதனிடமே கேளுங்கள் என்று மக்களிடம் கூறினார்கள். கேள்வி சிலையை நோக்கியதன்று. மக்களின் அறிவை நோக்கியது. ஒரு கணமேனும் அம்மக்கள் தம் உள்ளத்தை நோக்கித் திரும்பினர் என்பதைக் குர்ஆன் பதிவு செய்கிறது. கிர்க்கோ லாண்ட்ருவோடுதான் வாதிடுகிறார். அவர் தொடுத்த வினாக்களால் அப்பொறி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. மக்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்களிடம் எவரும் எதனையும் கேட்கவில்லை. வாதத்தின் நாயகன் ஒருவன், விளைவைச் சுமப்போர் வேறொருவர்.

பிற சமுதாயங்களின் வளர்ச்சியில் குறுக்கிடலாகாது என்னும் முதன்மை விதி முதன்முதலாகப் பெயர் சுட்டப்படுவதும் இதே பகுதியில்தான். சுட்டப்பட்ட பகுதியிலேயே அது மீறவும்படுகிறது! உயிர்ப்புள்ள, வளரும் பண்பாட்டுக்கே அவ்விதி பொருந்தும் என்று கிர்க் வாதிடுகிறார். எது உயிர்ப்புள்ளது எனத் தீர்ப்பளிப்பவர் யார்? பீரங்கி தாங்கிய கலத்தில் வந்தவரே. வியட்நாமில் அமெரிக்கப் படைகள் பெருகிய ஆண்டுகளில் எழுதப்பட்ட வாதம் இது என்பதை மறத்தற்கில்லை.

இவ்விடத்தில் நினைவுக்கு வருவது, 1185இல் மறைந்த அந்தலூசிய மேதை இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய்யு இப்னு யக்ளான்’. தனித்தீவில் மானால் வளர்க்கப்பட்டுத் தன் சிந்தனையாலேயே இறைவனை அறிந்த ஹய்யு, அண்டைத் தீவினர்க்கு மெய்ம்மையை உணர்த்தச் செல்கிறார். புறச்சடங்குகளோடு நிற்கும் அம்மக்கள் அவர் சொல்லால் மிரள்கின்றனர். ஹய்யு எதனையும் உடைக்கவில்லை. அவரவர் நிலையை உணர்ந்து, மார்க்கச் சட்டத்தைப் பற்றி நிற்குமாறு அவர்களுக்குக் கூறிவிட்டுத் தன் தீவுக்கு மீள்கிறார். குறுக்கிடாமை அவர்க்கு விதியன்று. அனுபவத்தால் விளைந்த பணிவு. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இக்கதை, முதன்மை விதியின் உட்பொருளை அவ்விதியை வகுத்தோரினும் தெளிவாக அறிந்திருந்தது எனலாம்.

எண்ணிக்கைப் போர்

தொடரின் தலைசிறந்த பகுதியாக நாம் கருதுவது 1967இல் வந்த ‘எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்’. இரு கோள்கள் ஐந்நூறு ஆண்டுகளாகப் போரிடுகின்றன. ஆனால் குண்டுகள் விழுவதில்லை. கணிப்பொறிகள் தாக்குதலைக் கணக்கிட்டு, மாண்டோர் என எவரைக் குறிக்கின்றனவோ அவர்கள் தாமே சென்று அழிப்பறையில் நுழைய வேண்டும். கட்டடங்கள் நிற்கும், பண்பாடு நீடிக்கும். ஆகவே போரை நிறுத்தும் தேவை எவர்க்கும் எழுவதில்லை. கிர்க் அப்பொறியை அழிக்கிறார். போரின் கோரம் கண்ணுக்குத் தெரிந்தால் மாந்தர் சமாதானத்தை நாடுவர் என்பது அவர் நம்பிக்கை.

இன்று இதனைக் காணும்போது உள்ளம் நடுங்குகிறது. காஸாவில் கொல்லப்பட வேண்டியோரை அடையாளங்காட்ட ‘லாவெண்டர்’ என்னும் செயற்கை நுண்ணறிவுப் பொறி பயன்படுத்தப்பட்டதாக, இஸ்ரேலிலிருந்து வரும் ‘+972’ இதழ் 2024 ஏப்ரலில் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. இஸ்ரேலிய இராணுவம் அதனை மறுத்தது. கதையில் கண்ட போருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எண்ணத்தக்கது. கதையில் இரு தரப்பாரும் எண்ணப்படுகின்றனர், இரு தரப்பாரும் மடிகின்றனர். அச்செய்தி கூறும் போரிலோ எண்ணுவோர் ஒரு தரப்பார், எண்ணப்படுவோர் மறு தரப்பார். மேலும், கோரம் தெரிந்தால் போர் நிற்கும் என்ற கிர்க்கின் நம்பிக்கையும் இங்குப் பொய்த்தது. குழந்தைகளின் சடலங்களை உலகம் நாள்தோறும் கைப்பேசித் திரையில் கண்டது, போர் நிற்கவில்லை. காண்பது வேறு, கண்டதற்குப் பொறுப்பேற்பது வேறு. ஓர் உயிரை அநியாயமாய்க் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கொப்பாகும் என்று அல்மாயிதா அத்தியாயம் கற்பிப்பது பொறுப்பேற்பதைத்தான். பொறியை உடைப்பதால் அப்பொறுப்பு வந்துவிடாது.

எட்டயபுரத்திலிருந்து

காணாத உலகைப் புனையும் கலை நம் கரிசல் மண்ணுக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தின் அவைப்புலவராக விளங்கிய உமறுப் புலவர், தாம் கண்டிராத அரபு நாட்டைச் சீறாப்புராணத்தில் தீட்டினார். மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. மானாவாரிப் பூமியான எட்டயபுரத்தின் இயல்புமன்று அது, மக்கா நகரின் இயல்புமன்று; தமிழ்க் காப்பிய மரபின் நாட்டு வளம் அது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நாட்டைத் தன் மொழியின் மிகச் சிறந்த ஆடையால் போர்த்திய புலவர், அங்கிருந்து வந்த தூதினை மாற்றவில்லை. ஆடை நம்முடையது, உயிர் அவர்களுடையது. ‘ஸ்டார் டிரெக்’ இதற்கு நேர்மாறானது. கோள்கள் அயலானவை, செவிகள் அயலானவை, உள்ளிருந்து பேசுவதோ பெரும்பாலும் அமெரிக்கா. அயலாரை வருணிப்பதற்கும் அயலாரின் சொல்லைச் செவிமடுப்பதற்கும் இடையிலான தொலைவை இவ்விரு படைப்புகளும் சேர்ந்து நமக்கு அளந்து காட்டுகின்றன.

இத்தொடரை ஒதுக்கிவிடலாகாது, நம் மாணவர்களும் காணட்டும். அறுபதாண்டுகளுக்கு முன்பே பொறிகளின் ஆட்சியை ஐயுற்ற அதன் துணிவு மதிக்கத்தக்கது. ஆனால் இப்னு துஃபைலையும் உமறுப் புலவரையும் உடன் வைத்துக் காணட்டும். அப்போதுதான் பொய்த் தெய்வத்தை உடைக்கும் கை, உடைத்தபின் தன்னையே அவ்விடத்தில் அமர்த்திக்கொள்கிறதா என்ற வினாவை அவர்கள் கேட்கக் கற்பார்கள்.