உள்ளத்தின் ஆயத்தமும் ஊதியத்தின் கட்டும்: செப்டிமா கிளார்க்கின் தன்வரலாறு பற்றிய ஒரு திறனாய்வு

ஆசிரியப் பணியைத் திருப்பணி என்று பேசிப் பழகியவர்கள் நாம். அவ்வாறு பேசும்பொழுது, அப்பணியைச் செய்வோரும் உண்ணவும் உறங்கவும் தம் பிள்ளைகளை வளர்க்கவும் வேண்டியவர்கள் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். இம்மறதியைக் கலைக்கும் நூல்களுள் ஒன்று, செப்டிமா பாயின்செட் கிளார்க் என்னும் கறுப்பின அம்மையாரின் தன்வரலாறு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில் 40 ஆண்டுகள் பள்ளியாசிரியையாக உழைத்தபின் பணியிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். 'ரெடி ஃப்ரம் விதின்' என்னும் இந்நூல் 1986-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'உள்ளிருந்தே ஆயத்தம்' எனத் தலைப்பைத் தமிழில் கூறலாம். நூல் வெளிவந்த மறு ஆண்டின் டிசம்பரில், தமது 89-ஆம் வயதில், அம்மையார் மறைந்தார்.

கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றவுடன் மார்ட்டின் லூதர் கிங்கின் மேடைப் பேச்சும் ஊர்வலங்களும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. அந்த ஊர்வலங்களுக்கு வந்தவர்கள் எழுத்தறிந்து வாக்காளராகப் பதிவு பெற்றது எவ்வாறு என்னும் வினாவை நாம் கேட்பதில்லை. அதற்கான விடை இந்நூலில் உண்டு. ஆயினும், இந்நூல் தன் தலைப்பின் வழியாகவே முன்வைக்கும் ஒரு விளக்கத்தை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூலின் அமைப்பு

அம்மையார் வாய்மொழியாகச் சொன்னவற்றைப் பதிவுசெய்து, ஒழுங்குபடுத்தி நூலாக்கியவர் சிந்தியா ஸ்டோக்ஸ் பிரௌன். எனவே பேச்சின் எளிமையும் நேர்மையும் இந்நூலில் நிரம்பியுள்ளன. 1962-இல் அம்மையார் வெளியிட்ட முந்திய தன்வரலாற்றில் காணப்படாத துணிவான கருத்துகள், முதுமை தந்த விடுதலையோடு இதில் இடம்பெறுகின்றன.

நூலின் முற்பகுதி இயக்கத்தைப் பற்றியது. பிறப்பு, பெற்றோர், திருமணம், மகப்பேறு ஆகியவை பிற்பகுதிக்குத் தள்ளப்பட்டுள்ளன. அடிமையாகப் பிறந்த தந்தை, பிறந்த சில நாட்களிலேயே இறந்த முதற்குழந்தை, 1925-இல் கைம்மை, ஆசிரியை வருவாயில் உடன்வைத்து வளர்க்க இயலாமல் கணவரின் பெற்றோரிடம் ஒப்படைத்த மகன் - இவை யாவும் இயக்கத்தின் வெற்றிகளை நாம் வாசித்து முடித்த பின்னரே சொல்லப்படுகின்றன. இவ்வைப்புமுறையை ஒரு குறையாகவே கருதுகிறோம். ஒருவருடைய பொதுப்பணி முதன்மையானது, அதற்கு அவர் கொடுத்த விலை எஞ்சிய செய்தி என்னும் எண்ணத்தை இவ்வமைப்பு வாசகருக்கு ஊட்டுகிறது. தம் மகனைப் பிறரிடம் விட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்த தாயை முதலில் அறிந்துகொண்டு, பின்னர் இயக்கத் தலைவியை அறிந்திருப்போமாயின், நம் வாசிப்பு வேறாக இருந்திருக்கும்.

2. வகுப்பறை

1916-இல் செப்டிமா தம் பதினெட்டாம் வயதில் ஜான்ஸ் தீவில் ஆசிரியையானார். அவர் பிறந்த சார்ல்ஸ்டன் நகரின் அரசுப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியரை ஏற்காத காலம் அது. தீவுப் பள்ளியில் 132 பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருவர். தலைமைப் பொறுப்பும் வகித்த செப்டிமாவுக்கு ஊதியம் 35 டாலர். சாலைக்கு எதிர்ப்புறமிருந்த வெள்ளையர் பள்ளியில் பிள்ளைகள் மூவர். அங்கிருந்த ஆசிரியைக்கு ஊதியம் 85 டாலர். பாடநூல் போதாத அப்பள்ளியில், சலவைக்கடைக் காகித உறைகளில் பிள்ளைகளின் ஊரையும் சூழலையும் பற்றிய சிறுகதைகளைத் தம் கையாலேயே எழுதி, அவற்றைக்கொண்டு வாசிப்புக் கற்பித்தார். வறுமையால் விளைந்த இவ்வழக்கமே பிற்காலத்தில் அவருடைய கல்விமுறையாக மலர்ந்தது.

அநீதியை அவர் பொறுமையோடு ஏற்றுக்கொண்டிருக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சார்ல்ஸ்டன் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியரை நியமிக்க வேண்டி 1919-இல் வீடுவீடாகச் சென்று கையொப்பம் திரட்டினார். மறு ஆண்டில் அவ்வுரிமை கிடைத்தது. 1945-இல் கொலம்பியா நகரில் ஆசிரியர்க்குச் சம ஊதியம் பெற்றுத்தந்த வழக்கிலும் அவர் உழைப்பு உண்டு. ஊதியத்தைப் பற்றிப் பேசுவது ஆசிரியப் பணியின் தூய்மைக்கு இழுக்கு என்னும் எண்ணம் அவரிடம் சிறிதும் இல்லை.

1957 ஜனவரியில் அதே ஜான்ஸ் தீவில் முதற் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினாலன்றி வாக்காளராகப் பதிய இயலாது என்பது அம்மாநிலச் சட்டம். தம் பேருந்தில் அயலாரை வேலைக்கு ஏற்றிச் சென்ற ஏசா ஜென்கின்ஸ் என்பவர், அவர்களுக்கு எழுத்தறிவு வேண்டுமென்று வேண்டினார். தீவிலிருந்த பள்ளிக்கூடத்திலும் சபைக்குரிய இடத்திலும் வகுப்பு நடத்த இடம் கிடைக்கவில்லை. இறுதியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் வகுப்பு நடந்தது. முன்புறம் மளிகை வாணிகம். பின்புறம் வாக்குரிமைக் கல்வி.

அவ்வகுப்பின் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், செப்டிமாவின் உறவினர். தொழிலால் சிகை அலங்காரம் செய்பவர். பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லர். குழந்தைகளுக்குரிய பாடங்களோடு வந்த அவர், வளர்ந்தோர்க்கு அவை பொருந்தாமையை முதல் இரவிலேயே கண்டு, எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று அவர்களையே கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும். திருமறையை வாசிக்க வேண்டும். அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும். பணவிடைத்தாள் எழுத வேண்டும் என்றனர். அவையே பாடத்திட்டமாயின. அட்டையில் எழுதப்பட்ட தம் பெயரின்மேல் மீண்டும் மீண்டும் எழுதுகோலை ஓட்டி, கையே எழுத்தின் வடிவத்தை உணருமாறு பழகினர். கலப்பை பிடித்துப் பழகிய கைகளில் எழுதுகோல்கள் முறிந்தன. முறிந்தவனை வெட்கப்படுத்தாமல் வேறொன்றைக் கையில் கொடுப்பதும் பயிற்றுமுறையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. கற்பவரின் மானம் காக்கப்படாத இடத்தில் கல்வி இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதியை நாம் கண்டதில்லை. பார்வையற்ற பர்திமேயுவிடம், அவனுக்கு என்ன வேண்டுமென்று ஆண்டவர் முதலில் கேட்டதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் அதை ஒரு பயிற்றுமுறையாக எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

3. எழுநூற்று இருபத்தாறு கடிதங்கள்

நூலின் மையம் என நாம் கருதுவது வேறொரு நிகழ்ச்சி. பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்காக வழக்காடியது நிறமுடைய மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம். 1956-இல் தென் கரோலினா அரசு, தன் ஊழியர் எவரும் அச்சங்கத்தில் உறுப்பினராக இருத்தல் கூடாது எனச் சட்டம் இயற்றியது. உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்த செப்டிமா, வேலையையும் ஓய்வூதியத்தையும் ஒருங்கே இழந்தார். இச்சட்டத்தை எதிர்க்குமாறு கறுப்பின ஆசிரியர்களுக்கு அவர் அனுப்பிய கடிதங்கள் 726. மறுமொழி அளித்தோர் 26 பேர். கல்வி அதிகாரியைக் காண வருவதாகச் சொன்னோர் பதினொருவர், வந்தவர் ஐவர்.

இதைத் தம் வாழ்வின் பெருந்தோல்விகளுள் ஒன்றாக அம்மையார் கூறுகிறார். ஆனால் உடன் ஆசிரியர்களை அவர் பழிக்கவில்லை. அவர்கள் ஆயத்தமாகும் முன்னரே தாம் அவர்களைத் தள்ள முயன்றதாகத் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்கிறார். மனிதர் உள்ளிருந்தே ஆயத்தமாக வேண்டும் என்னும் தலைப்பின் கருத்துக்கு இந்நிகழ்ச்சி அடிப்படையாகிறது.

இந்நூலை முதன்முறை வாசித்தபொழுது இப்பகுதி நம்மை மிகவும் கவர்ந்தது. ஒரு ஞாயிறு ஆராதனையில் வந்த ஐவரையும் வராத எழுநூறு பேரையும் ஒப்பிட்டுப் பிரசங்கம் செய்தோம். விசுவாசக் குறைவே வராமைக்குக் காரணம் என்றும் துணிந்து கூறினோம். ஆராதனை முடிந்தபின், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாசலண்டை நின்று, "ஐயா, அந்த எழுநூறு பேருக்கும் சம்பளம் கொடுத்தது யார்?" என்று கேட்டார். அதற்கு விடை தேடி நூலை மீண்டும் எடுத்தோம்.

இரண்டாம் வாசிப்பில் தெரிந்தது இது. பெர்னிஸ் ராபின்சனை ஆசிரியையாகத் தேர்ந்ததற்குச் செப்டிமா காட்டும் காரணங்களுள் ஒன்று, சிகை அலங்காரம் செய்யும் அவருடைய வாடிக்கையாளர் அனைவரும் கறுப்பினப் பெண்கள் என்பது. அவருடைய உணவை வெள்ளையர் எவரும் பறிக்க இயலாது. பள்ளியாசிரியரோ, தம்மை ஒடுக்கிய அரசின் கையிலிருந்தே மாதந்தோறும் கூலி பெற்றவர். ஆகவே துணிவு வேறுபட்டதற்குரிய காரணம் உள்ளத்தில் மட்டும் இல்லை. ஊதியம் வரும் வழியிலும் இருந்தது. இவ்வுண்மைக்குரிய சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நூலின் தலைப்பு அதனை மறைத்துவிடுகிறது.

உள்ளத்தில் ஆயத்தமானவர்களும் தப்பவில்லை. அதே 1956-இல், அதே மாநிலத்தின் எல்லோரி என்னும் சிற்றூரில், சங்கத்தைப் பற்றிய வினாத்தாளுக்கு விடையளிக்க மறுத்த இருபதுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தனர். பிரிவினை நீக்கப்பட்டபொழுதும் அதன் சுமை ஆசிரியர்மீதே விழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிகளில் சேர்த்தவர்கள், அவர்களுடைய ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1954 முதல் 1965 வரை 17 மாநிலங்களில் 38,000 கறுப்பின ஆசிரியரும் தலைமையாசிரியரும் பணியிழந்தனர் என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. 2022-இல் வெளிவந்த லெஸ்லி ஃபென்விக்கின் நூல், இழப்பு இதனினும் பெரிது என வாதிடுகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர் இன்றும் அருகியிருப்பதன் வேரை அந்நீக்கங்களில் காண்கிறது. அந்த எழுநூறு பேரின் அச்சம் வெறும் கோழைமை அன்று. வரவிருந்ததை அது சரியாகவே கணித்திருந்தது.

இதனால் அம்மையாரின் தன்னாய்வு பிழை என்று கூறவில்லை. தீவு மக்களிடம் தாம் கையாண்ட முறையை உடன் ஆசிரியர்களிடம் அவர் கையாளவில்லை என்பதே நமது முடிவு. தீவு மக்களை, என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். ஆசிரியர்களிடம், எதற்கு அஞ்சுகிறீர்கள், வேலை போனால் உங்கள் இல்லத்தை யார் தாங்குவர் என்று எவரும் கேட்கவில்லை, கடிதமே சென்றது.

4. பாராட்டும் நிழற்படமும்

அம்மையார் பணியிழந்தபின் அவர் சார்ந்த கறுப்பின மகளிர் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. விழாவில் அவரருகே நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. படம் வெளிவந்தால் தம் வேலையும் போய்விடும் என்னும் அச்சம் அது. புகழ்மொழி சொல்வோம், அருகில் நிற்கமாட்டோம் என்னும் இந்நிலையை ஒருவரிடத்தும் கசப்பின்றி அவர் விவரிக்கிறார்.

1961-இல் குடியுரிமைப் பள்ளிகள் கிங் தலைமையிலான தென்பகுதிக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டின் பொறுப்பில் வந்தன. போதகர்கள் நடத்திய அவ்வியக்கத்தில், செயற்குழுவில் இவ்வம்மையார் ஏன் இருக்கிறார் என்று ரால்ஃப் அபர்னதி கேட்டதையும், இத்திட்டத்தைத் தந்தவரே இவர் எனக் கிங் மறுமொழி கூறியதையும் நூல் பதிவுசெய்கிறது. எல்லா ஊர்வலங்களையும் தாமே நடத்தாமல் பிறரைத் தலைவர்களாக்குமாறு அம்மையார் எழுதிய கடிதத்தைக் கிங் ஊழியர் கூட்டத்தில் வாசித்தபொழுது நகைப்பே எழுந்தது. போதகர்களாகிய நாம் இப்பக்கங்களை விரைந்து கடந்துவிடலாகாது. ஒரு பெண் ஆசிரியை தம் அனுபவத்திலிருந்து தந்த ஆலோசனை, சபைத் தலைவர்களின் கூட்டத்தில் நகைப்புக்குரியதாயிற்று. அவர்களும் விடுதலைக்கு உழைத்தவர்களே என்பது அவ்வடுவை ஆழமாக்குகிறது.

அம்மையாரின் ஓய்வூதியம் 1976-இல் மீண்டும் வழங்கப்பட்டது. பணிநீக்கத்துக்கும் அதற்கும் இடையே 20 ஆண்டுகள். அவ்விருபது ஆண்டுகளிலும் அவரைப் பாராட்டியோர் பலர்.

5. முடிவுரை

நடையின் எளிமையாலும் தன்னையே ஆராயும் நேர்மையாலும் இந்நூல் உயர்ந்தது. அதன் பயிற்றுமுறையை இறையியல் மாணவர் யாவரும், சிறப்பாக வளர்ந்தோர்க்கு மறைக்கல்வி அளிப்போர், கற்றுக்கொள்ளலாம். ஆனால் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளம் ஆயத்தமானால் யாவும் கைகூடும் என்று பிரசங்கிப்போமாயின் நூலுக்கும் அநீதி செய்வோம். அஞ்சி வாளாவிருந்த அந்த எழுநூறு பேருக்கும் அநீதி செய்வோம். ஆசிரியரின் துணிவைக் கேட்பவர்கள், அத்துணிவின் விலையில் தாம் ஏற்கும் பங்கு எது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அந்தப் பிரசங்கத்தை நாம் மறுபடியும் செய்ய நேர்ந்தால், வாசலண்டை நின்ற அம்மையாரின் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.