கிளி எடுத்துக் கொடுத்த ஆண்டி

கபாலி கோயில் குளக்கரை, வெள்ளிக்கிழமை சாயங்காலம். பூக்கூடைகளுக்கும் சுண்டல் வண்டிக்கும் நடுவில் கிளி ஜோசியர் துணி விரித்து உட்கார்ந்திருந்தார். 50 வருஷமாக அந்த வழியே போய் வருகிறேன், ஒருநாளும் நின்றதில்லை. அன்றைக்கு நின்றேன், உட்கார்ந்தும் விட்டேன். அதிலிருந்து சீட்டு என்றால் எனக்கு உயிர்! கிளிச் சீட்டு, டாரோ, லெனோர்மாண்ட் என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒரே கேள்வியை மூன்றிடமும் கேட்டேன். மூன்றும் பேசிய அழகு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி இதுதான். மந்தைவெளியில் அப்பா கட்டிய வீடு. பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடியாக்கலாம் என்றான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. வார்த்தை தடித்து, எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

“பேரு சொல்லுங்கம்மா.”

சொன்னேன். கூண்டின் கதவைத் தூக்கி, கிளியிடம் என் பேரைச் சொல்லி, “அம்மாவுக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடுத்துக் குடு” என்றார். கிளி குடுகுடுவென்று வந்து சீட்டு வரிசைமேல் ஏறியது. ஒன்றை அலகால் இழுத்துத் தள்ளியது. இன்னொன்றையும் தள்ளியது. ஏழாவதை இழுத்ததும் நின்று, தலையைச் சாய்த்து அவரிடம் நீட்டியது. ஒரு நெல்லை வாங்கிக் கொறித்துவிட்டுத் தானாகவே கூண்டுக்குள் போய்விட்டது.

சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உறை மாதிரி மடித்த கெட்டிக் காகிதம். மேல் ஓரம் முழுக்க அலகு பட்டுப் பட்டுப் பொடிப் பொடியாக வெட்டு. உள்ளே பழனி ஆண்டவர். மொட்டைத் தலை, கோவணம், கையில் தண்டம்.

“ஆண்டிக் கோலத்துல வந்திருக்காரும்மா. கூடப்பிறந்தவங்களோட மனஸ்தாபம் இருக்கும். பழம் கைவிட்டுப் போச்சேன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவருதானே இவரு? அப்பா அம்மா தேடி வந்து சமாதானம் பண்ண வேண்டியதாப் போச்சு.”

என் கண் நிறைந்துவிட்டது. கூடப்பிறந்தவரோடு மனஸ்தாபம் இல்லாத வீடு எது, இதை யாருக்கும் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் எட்டு மாதமாக நான் பழத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களைச் சமாதானம் பண்ணத் தேடி வர அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கிளிச் சீட்டுக் கட்டில் 27 சீட்டு, 27 நட்சத்திரத்துக்கு. அவர் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார். மீனாட்சி, மகாலட்சுமி, அனுமார், புத்தர், வேளாங்கண்ணி மாதா எல்லாரும் ஒரே ரப்பர் பேண்டுக்குள்! முன்னால் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று வர வேண்டும் என்று எந்த மகராசனோ யோசித்திருக்கிறான். உலகத்தில் வேறு எந்தச் சீட்டுக் கட்டுக்கும் இந்த மனசு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, கேட்கிறவர் கையும் படாது, சொல்கிறவர் கையும் படாது. நடுவில் ஒரு பறவை எடுக்கிறது. அதனால் வந்த சீட்டோடு சண்டை போட முடியாது.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ் ஜோசியரிடம் இருந்த மணி என்ற கிளியை நினைவிருக்கிறதா? 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் கால் இறுதி நான்கையும் சரியாகச் சொல்லி, அரையிறுதியில் ஸ்பெயினையும் சரியாக எடுத்தது. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்தது, ஜெயித்தது ஸ்பெயின். தோற்ற பிறகும் அந்தக் கிளிமேல் எனக்குப் பிரியம் குறையவில்லை.

ஆனால் ஒன்றை மனசாரச் சொல்கிறேன். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது சரியான சட்டம். கிளி பறக்கட்டும், சீட்டு இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை. இந்த 27 படங்களை வரைய, அச்சடிக்க, அதற்கான சொல்லை மனப்பாடமாகச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது.

அடுத்து அடையாறு. கல்லூரித் தோழி அங்கே இருக்கிறாள். அவள் பால்கனியில் நின்றால் தியசாபிகல் சொசைட்டியின் மரங்கள் தெரியும். டாரோவை விரிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது! 1882 முதல் அந்தச் சங்கத்தின் தலைமையிடம் இதுதான். அதன் லண்டன் கிளையில் இருந்த கவிஞர் யேட்ஸ் பிறகு கோல்டன் டான் என்ற ரகசியக் குழுவில் சேர்ந்தார். அதே குழுவில் இருந்தவர்கள்தான் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டும் ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித்தும். இன்று உலகம் முழுக்கப் புழங்குகிற டாரோ கட்டு, 1909-ல் லண்டனில் இவர்கள் இருவரும் கொண்டுவந்தது.

78 சீட்டு. 22 பெரிய சீட்டு. மீதி 56-ம் கோல், கோப்பை, வாள், காசு என நாலு ஜாதி. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இது வெறும் விளையாட்டுச் சீட்டு. குறி பார்க்கிற பழக்கம் பரவியது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில். பழைய கட்டுகளில் கோப்பை ஐந்து என்றால் பெரும்பாலும் ஐந்து கோப்பைதான் வரைந்திருக்கும். பமேலா என்ன செய்தார் தெரியுமா? எனக்கு வந்த சீட்டே அதுதான். கறுப்புப் போர்வை போர்த்திய ஒரு மனுஷர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பை நிமிர்ந்தபடி இருக்கிறது, அதை அவர் பார்க்கவில்லை. தூரத்தில் ஆறு, ஆற்றின்மேல் ஒரு பாலம், அக்கரையில் ஒரு வீடு.

தோழி எதுவும் சொல்லவில்லை. “உனக்கு எது முதல்ல கண்ணுல பட்டுது?” என்று மட்டும் கேட்டாள். பாலம் என்றேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நானேதான் பேசினேன். கிளிச் சீட்டு ஒரு பதிலைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. டாரோ நம்மையே பேச வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாடக மேடைக்கு வேலை செய்தவர் பமேலா. அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு சீட்டும் திரை விலகின மேடை மாதிரி இருக்கிறது, நாம் உள்ளே நடந்து போய்விடலாம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. 1951-ல் கடனோடு செத்துப்போனார். கட்டின் பேரில்கூட வெகுகாலம் பதிப்பாளர் ரைடரும் வெயிட்டும்தான் இருந்தார்கள். இப்போதுதான் ஸ்மித்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சீட்டின் மூலையில் அவருடைய பின்னல் கையெழுத்து பொடிசாக இருக்கும். தேடிப் பாருங்கள், தயவுசெய்து.

லெனோர்மாண்டைக் காட்டியது தி. நகரில் இருக்கும் நாத்தனார் மகள். 36 சீட்டு. நியூரம்பர்க்கில் 1799 வாக்கில் வந்த பரமபதம் மாதிரி ஒரு ஆட்டம்தான் இதற்கு மூலம். 1843-ல் இறந்த பாரிஸ் குறிசொல்லி லெனோர்மாண்ட் அம்மையாரின் பேரைப் பிறகு ஒட்டினார்கள். கப்பல், மரம், பாம்பு, நாய், சாவி என்று பிள்ளைகள் பாடப்புத்தகம் மாதிரி படங்கள். ஒற்றைச் சீட்டுக்கு இங்கே மதிப்பில்லை. பக்கத்துச் சீட்டோடு சேர்த்து வாக்கியமாகப் படிக்க வேண்டும். எனக்கு வந்தது வீடு, எலி, கடிதம்.

“அத்தை, வீட்டுப் பேப்பர்ல ஏதோ அரிச்சிட்டிருக்கு, எடுத்துப் பாருங்க.”

எடுத்துப் பார்த்தேன். சொத்து வரி ரசீது இன்னும் அப்பா பேரிலேயே வந்துகொண்டிருக்கிறது, வாரிசுச் சான்றிதழ் வாங்கவே இல்லை. எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் இப்படி ஒன்று இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் பெட்டியைத் திறக்க வைத்தது எலிதானே! அழுகை, ஆறுதல் எதுவும் இல்லாமல் காரியத்தை மட்டும் பேசுகிற சீட்டு இது.

இதெல்லாம் நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை இல்லாத அச்சுதகளப்பாளருக்கு அவருடைய குரு திருமுறை ஏட்டில் கயிறு சாத்தி, கயிறு பட்ட பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அங்கே போய்க் குளத்தில் நீராடி வழிபட்டுப் பிறந்த பிள்ளைதான் மெய்கண்டார் என்பது சைவ மரபு. பஞ்சாங்கத்தில் சீதா சக்கரம், ராமர் சக்கரத்தில் கண்ணை மூடி விரல் வைத்த பாட்டிகள் நம் வீட்டில்தானே இருந்தார்கள்?

தம்பிக்கு நான்தான் போன் பண்ணினேன். ஆண்டி பற்றியோ பாலம் பற்றியோ பேசவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். காபி குடித்தான். மேஜைமேல் இருந்த டாரோ கட்டைப் பார்த்துவிட்டு, ரம்மிக்குக் கலைக்கிற மாதிரி பட்பட்டென்று கலைத்து ஒன்றை உருவினான். கோப்பை ஆறு. ஒரு பழைய வீட்டு முற்றம். பெரிய பிள்ளை ஒன்று சின்னப் பெண்ணிடம் பூ வைத்த கோப்பையை நீட்டுகிறது.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நம்ம வீட்டு முத்தம் மாதிரியே இருக்குக்கா. கிணத்தடிதான் இல்ல.”