பதினான்கு வயதில் வந்த சட்டம்

மலையக எழுத்தாளர்கள் குடியுரிமைத் துயரை விட்டு வெளியே வருவதில்லை என்ற குறைகூறல் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. குறைகூறுவோர் எழுத்தாளனின் பிறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை.

தெளிவத்தை ஜோசப் 1934 இல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவர். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது வயது 14. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எண்ணி வைத்தபோது வயது 30. அரசு என்றால் பெயர் வெட்டும் கை என்று கண்டே வளர்ந்த தலைமுறை அது. அவருடைய நாவலுக்குக் 'காலங்கள் சாவதில்லை' என்று பெயர் வாய்த்ததில் வியப்பில்லை.

பின்வந்தோர் இரவல் வாங்கி எழுதும் 1948 வேறு. அதைத் தாராளமாகக் குறைகூறலாம், என்னையும் சேர்த்துத்தான். எஞ்சியோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003 இல் வந்தபோது நான் இருபதுகளில் இருந்தேன். பெரியவர்கள் கண்கலங்கிச் சொன்னதையே என் அரசியலாக்கிக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர மாணவி ஒருத்தி மலையகம் பற்றிய கட்டுரையில் 1948 ஐத் தொடவேயில்லை. புள்ளி குறைத்தேன். 2014 ஒக்டோபர் 29 காலை இங்கே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது அவள் சிறுமி. வீடு கேட்டுக் காத்திருந்தோர் நடுவே வளர்ந்தவள். பிறகு அக்கட்டுரையைத் திரும்ப வாங்கி வாசித்தேன். லயம் நிற்கும் மண் யாருடையது என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தாள்.