ஒற்றைக் கட்டின் ஆட்சி

வல்லவன் வெல்வது ஆட்டத்தின் இயல்பு; வெல்லும் சீட்டுகளை விலக்குவது வென்றவனைத் தண்டிப்பதற்கு ஒப்பாகும் என்று வாதிப்பார் உளர். 2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டாட்டத்தின் முதன்மைப் போட்டி வகையிலிருந்து எட்டுச் சீட்டுகள் ஒருசேர விலக்கப்பட்டபோது இவ்வாதமே எழுந்தது. வாதம் நேர்மையானது. ஆயினும் ஓர் ஆட்டம் எவ்வாறு பழுதுபடுகிறது என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை.

சீட்டு என்றதும் சூது என்று முகம் சுளிப்பார்க்கு ஒரு சொல். இஃது அவ்வகையைச் சேர்ந்ததன்று. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணித அறிஞர் அமைத்த இவ்வாட்டத்தை அமெரிக்காவின் ‘விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனம் 1993இல் வெளியிட்டது. ஆடுவோர் தாமே சீட்டுகளை வாங்கியும் மாற்றிக்கொண்டும், குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட தத்தம் கட்டைத் தாமே தொகுத்துக் கொள்ளுதல் வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, எச்சீட்டும் நான்குக்கு மேல் இருத்தல் ஆகாது. இருவரும் 20 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்குவர். நிலச் சீட்டுகள் ‘மானா’ என்னும் ஆற்றலைத் தரும். அவ்வாற்றலை விலையாகக் கொடுத்தே பிற சீட்டுகளை இறக்க இயலும். ஒருவர் தம் முறையில் ஒரு நிலம் மட்டுமே வைக்கலாம். ஆட்டத்தின் வேகத்துக்குக் கடிவாளம் இவ்விதியே.

எனவே, மேசைக்கு வருமுன்னரே பாதி ஆட்டம் நடந்துவிடுகிறது. எதை எடுப்பது, எதை விடுப்பது என்னும் ஆராய்ச்சியே அப்பாதி. விரைந்து தாக்கும் கட்டு உண்டு. தடுத்து நிறுத்திப் பிற்பொழுதில் வெல்லும் கட்டு உண்டு. சில சீட்டுகளின் கூட்டுறவால் திடீரென முடித்துவிடும் கட்டும் உண்டு. ஒன்று மற்றொன்றை வெல்லும், பிறிதொன்றிடம் தோற்கும். சமநிலை என்றால் எல்லாம் ஒத்த வலிமை உடையனவாதல் வேண்டும் என்பதில்லை. நம் ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆற்றலில் இரண்டுக்கும் ஒப்புமையே இல்லை. எனினும் ஆட்டுக்காரனுக்கும் புலியைக் கட்டிப்போட வழி இருக்கிறது. அவ்வழி இருக்கும்வரை ஆட்டம் ஆட்டமே.

2003 அக்டோபரில் வெளிவந்த ‘மிரோடின்’ என்னும் தொகுதி அவ்வழியை அடைக்கத் தொடங்கியது. அதில் ‘அஃபினிட்டி’ என்னும் புதிய பண்பு புகுத்தப்பட்டது. மேசையில் ஒருவரிடம் எத்தனைக் கருவிச் சீட்டுகள் உள்ளனவோ, அப்பண்புடைய சீட்டின் விலை அத்தனை மானா குறையும். ‘ஃபிராக்மைட்’ என்னும் சீட்டின் விலை 4. நான்கு கருவிகள் இருந்தால் விலையே இல்லை. ‘மிர் என்ஃபோர்சர்’ விலை 7. ஏழு இருந்தால் அதுவும் இலவசம். இறங்கிய ஒவ்வொன்றும் தானும் கருவியாதலின் அடுத்ததன் விலையைக் குறைக்கும். இவ்வளவோடு நின்றிருந்தால் கேடு பெரிதாகியிராது. அதே தொகுதியில் நிலமாகவும் கருவியாகவும் ஒருங்கே எண்ணப்படும் ஐந்து நிலச் சீட்டுகளையும் அச்சிட்டனர். மானா தருவதும் விலை குறைப்பதுமாக ஒவ்வொரு நிலமும் இரண்டு நிலத்தின் வேலையைச் செய்தது. முறைக்கு ஒரு நிலம் என்னும் கடிவாளம் பெயரளவில் இருந்தது; குதிரை அதை மதிக்கவில்லை.

2004 பிப்ரவரியில் வந்த ‘டார்க்ஸ்டீல்’ தொகுதி எரிகிற நெருப்பில் நெய் வார்த்தது. அதன் ‘ஆர்க்பவுண்டு ராவேஜர்’ தன் பக்கத்துக் கருவிகளைத் தானே தின்று வலிமை ஏற்றிக்கொள்ளும். தான் அழிந்தால் அவ்வலிமையை வேறொரு கருவி உயிரிக்குக் கூடுவிட்டுக் கூடு பாய்ச்சும். முன்னரே வந்திருந்த ‘டிசைப்பிள் ஆஃப் தி வால்ட்’ மேசையில் இருந்தால், அழியும் ஒவ்வொரு கருவிக்கும் எதிரியின் உயிர்ப்புள்ளியில் ஒன்று குறையும். இங்கேதான் இக்கட்டின் உண்மையான கொடுமை. கருவிகளை உடைப்பதே இதற்கு மருந்து. அம்மருந்தை உட்கொண்டாலும் எதிரியின் உயிர் தேய்ந்தது.

அதே தொகுதியின் ‘ஸ்கல்கிளாம்ப்’ மற்றொரு விபரீதம். ஒரு மானாவுக்கு இறக்கி, ஒரு மானாவுக்கு ஓர் உயிரியின்மேல் பூட்டலாம். தாங்குவலிமை ஒன்றே உடைய சிற்றுயிரி உடனே மடியும். மடிந்தால் இரண்டு புதிய சீட்டுகள் கைக்கு வரும். தொகுதி உருவாகும் பணியின் பிற்பகுதியில் திருத்தப்பட்டுப் போதிய சோதனையின்றி அச்சேறிய சீட்டு இது என்று நிறுவனத்தாரே பின்னர் விளக்கினர். 2004 சூன் 20 முதல் அதற்குத் தடை வந்தது. தடை வந்தும் கருவிக் கட்டு தளரவில்லை.

‘அப்படியாயின் கோப்பைகள் எல்லாம் அக்கட்டுக்கே போயினவா?’ என்று கேட்கலாம். போகவில்லை. 2004இல் கோபேயில் நடந்த தொழில்முறைப் போட்டியில் மசாஷிரோ குரோடா சிவப்பு நிறக் கட்டினால் வென்று, அத்தகைய போட்டியில் வெற்றி பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார். அவ்வாண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில், நெதர்லாந்தைச் சேர்ந்த 15 வயதுப் பள்ளிப் பருவத்து இளைஞர் யூலியன் நெய்ட்டன் பச்சையும் வெள்ளையும் கலந்த கட்டினால் இறுதியாட்டத்தில் கருவிக் கட்டையே வீழ்த்தினார். தடையை எதிர்ப்போர் இவ்வெற்றிகளைத் தம் பக்கச் சான்றாகக் காட்டுவது வழக்கம்.

இச்சான்று செல்லாது. ஒரு கட்டின் ஆதிக்கத்தைக் கோப்பையால் அளப்பது, வெள்ளத்தின் கேட்டை மூழ்காத வீட்டால் அளப்பது போன்றது. பிறர் கட்டுகளைப் பார்த்தல் வேண்டும். போட்டிகளில் முதல் ஆட்டம் முடிந்தபின் மாற்றிக்கொள்வதற்கென 15 சீட்டுகள் கொண்ட பக்கக் கட்டு ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட எதிரிக்கு மட்டுமே பயன்படும் மாற்றுச் சீட்டுகள் அங்கேதான் இருத்தல் இயல்பு. 2004இல் கருவிகளை உடைக்கும் சீட்டுகள் அங்கிருந்து வெளியேறி, முதன்மைக் கட்டின் 60க்குள்ளேயே குடியேறின. வேறெந்த எதிரியை நினைத்தும் எவரும் கட்டுத் தொகுக்க இயலவில்லை. அக்கட்டை எடுத்து ஆடுவது, அன்றேல் அதற்கு எதிராகவே ஆடுவது என்னும் இரண்டே வழிகள் எஞ்சின. நூற்றுக்கணக்கான சீட்டுகள் கையிருக்க, சிந்தனைக்கு இடமில்லை. நெய்ட்டனின் வெற்றி அவர் திறமைக்குச் சான்று; ஆட்டத்தின் நலத்துக்குச் சான்றன்று.

2005 மார்ச்சு 20 முதல் நடைமுறைக்கு வந்த தடை, ராவேஜர், டிசைப்பிள் ஆகிய இரண்டோடு கருவி நிலங்கள் ஆறையும் நீக்கியது. ஃபிராக்மைட்டும் என்ஃபோர்சரும் தீண்டப்படவில்லை. முளைத்த செடியை விடுத்து விளைந்த மண்ணை எடுத்தனர், மருத்துவம் சரியானது. அத்தொகுதி முறைப்படி அவ்வாண்டு அக்டோபரில் தானே விலகியிருக்கும், ஏழு திங்கள் பொறுத்திருக்கலாமே என்பது ஒரு கட்சி. சலித்துப் போன ஆட்டக்காரர் போட்டிகளைக் கைவிட்டுக் கொண்டிருந்த நிலையில் பொறுமை யாருக்காக? நிறுவனத்தின் பிழை தடை விதித்ததில் இல்லை, காலந்தாழ்த்தியதில் இருக்கிறது. முந்திய சூனிலேயே ஸ்கல்கிளாம்ப்போடு இந்நிலங்களையும் நீக்கியிருந்தால் ஒன்பது திங்கள் மிஞ்சியிருக்கும். தடையால் நட்டப்பட்டவர் செல்வர் மட்டும் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மிரோடின் நிலங்கள் ஐந்தும் டிசைப்பிளும் உறைதோறும் எளிதில் கிடைக்கும் பொதுச் சீட்டுகள். காசு குறைந்த சிறுவர்க்கு எட்டிய கட்டு அது.

அதன்பின் ஆறாண்டுகள் இப்போட்டி வகையில் புதிய தடை எதுவும் வரவில்லை. 2011இல் வேறு முகத்தோடு அதே நோய் வந்தது. இம்முறை ஆட்சி செய்தது பொதுச் சீட்டு அன்று. ‘ஜேஸ், தி மைண்ட் ஸ்கல்ப்டர்’ என்னும் அரிய சீட்டு. ஒன்றின் விலை ஏறத்தாழ 100 அமெரிக்க வெள்ளிவரை ஏறிற்று. கட்டுக்கு நான்கு வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் டாலஸ் நகரப் பெரும்போட்டியில் முதல் எட்டு இடம் பெற்ற கட்டுகளில் மொத்தம் 32 ஜேஸ் இருந்தன. விதி இடங்கொடுக்கும் உச்ச எண்ணிக்கையே அதுதான். முன்னைய ஆதிக்கம் சிந்தனையைச் சுருக்கிற்று. இது பணப்பையையும் சேர்த்துக் கேட்டது.

சூலை 1 முதல் ஜேஸும் அதன் துணையான ‘ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்’கும் விலக்கப்பட்டன. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, புதியவர் வாங்கியவுடன் போட்டிக்கு எடுத்துச் செல்லலாம் என்று நிறுவனம் விற்பனைக்கு விட்ட ‘வார் ஆஃப் அட்ரிஷன்’ என்னும் ஆயத்தக் கட்டில் இரண்டு ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக் இருந்தன. சீட்டை அச்சிட்ட கையும் தடையை எழுதிய கையும் ஒன்றையொன்று கலந்து பேசவில்லை போலும். முடிவில் ஒரு விதிவிலக்கு எழுதிச் சேர்த்தனர்: அக்கட்டைப் பெட்டியிலிருந்தபடியே ஆடுவோர் அவ்விரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஒரு சீட்டை மாற்றினாலும் அவற்றை எடுத்துவிட வேண்டும்.