அகலிகை மீண்டும் கல்லானது ஏன்?

நெல்லைச் சீமையின் பெருமைக்குரிய எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1943-ஆம் ஆண்டு எழுதிய 'சாப விமோசனம்' என்னும் கதையைப் படித்தோர், "நல்ல புராண மறுப்பு" என்று பாராட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம். மறுப்புத்தான், ஐயமில்லை. ஆயினும் அத்தோடு முடிந்துவிடும் கதை அன்று அது. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற அவர், இன்றைய கல்லூரிகளின் விசாரணைக் கூடங்களுக்கும் சேர்த்தே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார் என்பேன்.

கதை யாது? கல்லாய்க் கிடந்த அகலிகை, இராமனின் கால்தூசி பட்டுப் பெண்ணாகிறாள். கோதமன் அவளை ஏற்கிறான். ஊரின் பார்வை ஏற்க மறுக்கிறது. ஆண்டுகள் பதினான்கு கழிகின்றன. காடு விட்டுத் திரும்பிய சீதை, தான் தீயில் இறங்கி மீண்ட செய்தியை அகலிகையிடம் சொல்லுகிறாள். இறங்கச் சொன்னவன் எவன்? தன்னைக் கல்லிலிருந்து மீட்டானே, அதே இராமன்! அந்த அதிர்ச்சியிலிருந்து அகலிகை எழவேயில்லை. மீண்டும் கல்லாகிறாள்.

முதன்முறை அவள் கல்லானது இந்திரனின் வஞ்சகத்தால் வந்த சாபத்தால். இரண்டாம் முறை? சபித்தவர் எவருமில்லை. நீதிமான் என்று தான் நம்பியவனே, பாதிக்கப்பட்டவளிடம் சான்று கேட்டான் என்று அறிந்ததால்! வஞ்சித்தவன் தந்த காயத்தைத் தாங்கிய நெஞ்சம், நீதி வழங்குவோன் தந்த காயத்தைத் தாங்கவில்லை. இதுவே அக்கதையின் உயிர்நிலை. இதுவே நம் பல்கலைக் கழகங்களின் இன்றைய நிலை!

மாணவி ஒருத்தி ஆசிரியர் மீது புகார் தருகிறாள். உடனே எழும் கேள்விகள் எவை? "இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை? தனியே ஏன் சென்றாய்? சாட்சி உண்டா? கல்லூரியின் பெயர் என்னாவது? உன் பெற்றோருக்குத் தெரியுமா?" கேள்வி அத்தனையும் அவளை நோக்கி! குற்றம் சாட்டப்பட்டவரோ பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். அவள் விடைத்தாளும் அந்தக் கட்டில் இருக்கும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. இராஜஸ்தானத்தில் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதன் விளைவாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1997-இல் உச்சநீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிலையங்களுக்கென்றே தனி விதிகளை 2016 மே மாதம் அறிவித்தது. புகாரைத் தொண்ணூறு நாட்களில் விசாரித்து முடிக்க வேண்டும். குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான புகாராயின் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் அமர வேண்டும். வெளியார் ஒருவர் வேண்டும். துணைவேந்தர், பதிவாளர் போன்ற உயர் பதவியினர் உறுப்பினராகக் கூடாது. விசாரணை நடக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் அந்த மாணவியின் தேர்வை மதிப்பிடாதவாறு தடுக்கவும் அவ்விதிகளில் இடமுண்டு.

ஏட்டில் எழுதியது இனிக்கிறது. பிறகு எங்கே கசப்பு? குழுவை அமைப்பது நிருவாகம். அறிக்கை போய்ச் சேருமிடம் நிருவாகம். தண்டிப்பதும், தண்டிக்காமல் விடுவதும் நிருவாகம். அந்த நிருவாகத்தின் முதற்கவலையோ நிறுவனத்தின் நற்பெயர்! தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்பவனிடம் துலாக்கோல் நேராக நிற்குமா?

சென்னைக் கலாக்ஷேத்திராவைப் பாருங்கள். 1936-இல் ருக்மிணி தேவி தோற்றுவித்தது. இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக ஆடிப் புகழ் பெற்றது. 2023-இல் அங்கே பாலியல் தொல்லைப் புகார்கள் எழுந்தன. குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று உள்ளகக் குழுவின் பெயரால் நிறுவனம் அறிவித்தது. பெயரைக் கெடுக்கச் சதி என்றும் பேசப்பட்டது. மார்ச் 30 அன்று மாணவியரும் மாணவரும் வளாகத்தில் அமர்ந்து போராடினர். நிறுவனம் என்ன செய்தது? வகுப்புகளை நிறுத்தியது, விடுதியைக் காலி செய்யச் சொன்னது! மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் சென்றபோது ஏறத்தாழத் தொண்ணூறு பேர் எழுத்து வழியே முறையிட்டனர். ஏப்ரல் 3 அன்று உதவிப் பேராசிரியர் ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் தனிக்குழு அதன் பின்னரே வந்தது. தொண்ணூறு வாய்கள் சொன்னதில் ஒன்றுகூட உள்ளகக் குழுவின் செவிக்கு எட்டாமற் போனது எப்படி? செவி இல்லாமலா? செவியைப் பொத்திய கை ஒன்று இருந்ததாலா?

நமக்கு அண்மையிலேயே, அருப்புக்கோட்டையில், 2018-இல் நடந்தது மறந்திருக்காது. மாணவியரைத் தவறான வழிக்கு அழைத்த உதவிப் பேராசிரியை ஒருவரின் தொலைபேசிப் பேச்சு ஊரெங்கும் ஒலித்தபின்னரே நாடு விழித்தது. ஆறாண்டுகள் கழித்து, 2024-இல், அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பேச்சைப் பதிவு செய்யும் துணிவும் கருவியும் அந்த மாணவியரிடம் இல்லாதிருந்தால்? அந்த வழக்கைப் பற்றி விளக்க அன்றைய ஆளுநர் கூட்டிய செய்தியாளர் கூட்டத்திலேயே, கேள்வி கேட்ட பெண் செய்தியாளர் ஒருவரின் கன்னத்தை அவர் தட்டினார். பின் மன்னிப்புக் கேட்டார். பல்கலைக் கழகங்களின் வேந்தர் அவர்!

ஒடிசாவின் பாலசோரில், 2025 சூலையில், உருவகம் உண்மையாயிற்று. துறைத் தலைவர் மீது புகார் தந்து, பயன் காணாத கல்லூரி மாணவி ஒருத்தி வளாகத்திலேயே தன்மீது தீ வைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் இறந்தாள். துறைத் தலைவரும் முதல்வரும் கைதாயினர். சீதையைத் தீ சுடவில்லை என்று புராணம் சொல்லும். புராணம் அது. மெய்யான தீ சுடும், தோழர்களே!

"பொய்ப் புகார் வந்தால்?" என்று கேட்பாருண்டு. கேட்கட்டும், நேர்மையான கேள்விதான். தீய நோக்கோடு பொய்ப் புகார் தருவோரைத் தண்டிக்கவும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. ஆகவே அஞ்ச வேண்டியது புகாருக்கன்று, அரைகுறை விசாரணைக்கு. கோவாப் பல்கலைக் கழகத்தில் 2009-இல் எழுந்த புகார்களின் பேரில் பேராசிரியர் ஒருவர் நீக்கப்பட்டார். 2023-இல் உச்சநீதிமன்றம் அந்த நீக்கத்தை இரத்து செய்தது. குழு அவசர அவசரமாக விசாரித்தது. தற்காத்துக்கொள்ள அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்பது காரணம். வழக்கு மீண்டும் குழுவிடமே திரும்பியது. பதினான்கு ஆண்டுகள்! புகார் தந்தவர்களுக்கும் நீதி இல்லை. புகாருக்கு ஆளானவருக்கும் முடிவு இல்லை.

முறையற்ற தண்டனை நீதியாகாது என்பதற்குப் பொருநை ஆற்றங்கரையிலேயே பாடம் உண்டு. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சத்திற்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்கிறது சிலம்பு. அது நீதியா? பழி!

நீதி எது என்பதையும் அதே சிலம்பு காட்டுகிறது. கண்ணகி அவைக்கு வருகிறாள். "விரிந்த கூந்தலோடு ஏன் வந்தாய்? அரண்மனையின் பெயர் கெடாதா?" என்று பாண்டியன் கேட்கவில்லை. முறையீட்டைக் கேட்டான். தன் செயல் சரியே என்று முதலில் வாதிட்டான், மறைக்கவில்லை. சான்றுப்பொருளை அவைக்கே கொண்டுவரச் சொன்னான். உடைந்த சிலம்பிலிருந்து முத்து வரவில்லை, மாணிக்கம் தெறித்தது. தன் ஆட்சியே குற்றவாளி என்று ஒப்பினான். அவன் உயிர்விட்டதை நான் போற்றவில்லை. பறிபோன உயிர் அதனால் திரும்பிவிடவில்லை. பெண்ணின் சொல்லைக் கேட்டு, சான்றை அனைவர் முன்னும் திறந்து, பிழை தன்னுடையதாயினும் ஏற்றானே, அதனைப் போற்றுகிறேன். அந்த மூன்றையும் செய்ய எந்தத் துணைவேந்தரும் உயிர்விட வேண்டியதில்லை!

பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெருமை பேசுகிறோம். பாபநாசம் முதல் திருவைகுண்டம் வரை, தாமிரபரணிக் கரையின் சிற்றூர்களிலிருந்து பெண்பிள்ளைகள் பேருந்தேறி அங்கே படிக்க வருகிறார்கள். அவர்களிற் பலர் தம் வீட்டின் முதல் பட்டதாரிகள். பிளஸ் டூ முடித்த மாணவியருக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பித் தருவது என் போன்ற பள்ளி ஆசிரியர்களின் வேலை. புகார் சொன்னால் வீட்டார் படிப்பை நிறுத்திவிடுவார்களே என்ற அச்சம் அந்தப் பிள்ளைகளின் நாவைக் கட்டுகிறது. புகார் புதைக்கப்பட்டால் அழிவது ஒருத்தியின் மானம் என்கிறார்கள். மானமன்று, கல்வி! தலைமுறை தலைமுறையாய்க் கேட்டுப் பெற்ற கல்வி!

ஆகவே, மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரிக்குள் இக்கேள்விகளைக் கேளுங்கள். புகார்க் குழுவின் உறுப்பினர் எவர்? அவர்தம் பெயர்கள் தமிழில் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றனவா? மாணவர் மூவரை வாக்களித்துத் தேர்ந்தீர்களா, முதல்வர் சுட்டு விரலால் தேர்ந்தாரா? வெளி உறுப்பினர் மெய்யாகவே வெளியாரா, நிருவாகியின் நண்பரா? ஆண்டில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்ற கணக்கு வெளிவந்ததா? பெயர்களை மறைக்கட்டும், அது முறை. எண்ணிக்கையை மறைப்பது ஏன்?

நம் பல்கலைக் கழகம் மனோன்மணீயம் தந்த சுந்தரனாரின் பெயரைத் தாங்கி 1990-இல் பிறந்தது. அந்நாடகத்துச் சீவக மன்னன் நெல்லையிலே கோட்டை கட்டினான். குடிலனின் இச்சகத்தை நம்பிக் கெட்டான். "நிறுவனத்தின் நற்பெயருக்காக அமுக்கிவிடுவோம்" என்று எந்தக் கல்லூரியில் எவர் சொன்னாலும், அவரைக் குடிலன் என்று அறிந்துகொள்க. கோட்டை கெடுவது வெளிப் பகையால் மட்டுமன்று.