மணலின் பாதையைக் காட்டிய படம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போனால் உப்பளங்களைத் தாண்டி மணலில் கால் வைக்கலாம். அதே விழுப்புரம் மாவட்டக் கடற்கரையின் தென்கோடியில், புதுச்சேரியை ஒட்டிய தந்திராயன்குப்பத்தில் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. கடல் கரையைத் தின்றுவிட்டது என்கிறோம். ஆனால் இந்தக் கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே வரத்து நின்றது. நீருக்குள் நடக்கும் இந்தப் பயணம் யார் கண்ணிலும் படாது. காட்டுயிர்ப் படங்களில் தேர்ந்த சேகர் தத்தாத்ரி, மறையும் இந்தியக் கடற்கரைகள் பற்றிய தம் குறும்படத்தில் அதைப் பாமரருக்கும் புரியவைத்தார். அதுவே அதன் அருமை.

படம் அலையை நிறுத்துமா என்று கேட்கலாம். நிறுத்தாது. கல்லாவது இன்றைக்கு வீட்டைக் காக்கிறதே என்பதும் நியாயம்தான். வாசலில் அலை நிற்கும் குடும்பத்திடம் கல் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் கல் கொட்டிய இடத்தில் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மணல் இல்லை. அரிப்போ அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. நோயின் காரணம் தெரிந்தால்தான் வேறு மருந்து தேடுவோம். புதுச்சேரி நகரக் கரையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் நீருக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின் மணல் திரும்பியது. விழுப்புரம் மாவட்டப் பள்ளிகள் இந்தப் படத்தைத் திரையிட்டு, தங்கள் கரையின் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களைப் பிள்ளைகளிடம் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும்.